பாற்குடத்து வெள்ளை

கண்ணாடித் தூள் கண்ணுக்குத் தெரியாது. அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. போத்தல் இடித்த நாள்களில், பிள்ளைக்குப் பால் கொடுக்க முன்னர் கிணற்றடிக்குப் போய்த் தலையிலிருந்து தண்ணீர் வார்ப்பேன். சேலை மாற்றுவேன். நகத்துக்கு அடியில் ஈர்க்கால் சுரண்டுவேன். பிறகு பிள்ளையைத் தூக்க வருவேன். பாதி வழியில், காதுக்குப் பின்னால் கழுவினேனா என்று சந்தேகம் வரும். திரும்பவும் கிணற்றடிக்கு ஓடுவேன். பிள்ளை ஏணைக்குள் கிடந்து வீரிட்டுக் கத்தும்.

"நீர் குளிக்கிற குளிப்புக்கு இந்த வருசம் சிறுபோக நெல்லுக்குத் தண்ணி காணாது" என்பார் இவர், என் வீட்டுக்காரர்.

சிரிக்க முடியாது எனக்கு. இப்போது அந்தப் பிள்ளைக்கு நாலு வயது, அவளுக்குத் தங்கச்சி ஒருத்தியும் இருக்கிறாள். இன்றைக்கும் கண்ணாடி உடையும் சத்தம் கேட்டால் முதலில் என் உள்ளங்கையைத்தான் பார்க்கிறேன்.

இவர் கிளிநொச்சிக் குடியேற்றத்தில் மட்பாண்டப் பயிற்சி நிலையம் ஒன்றின் மாஸ்டர். நான் யாழ்ப்பாணத்தில் எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணி, விஞ்ஞானத்தில் நல்ல புள்ளியும் எடுத்து, கலியாணம் செய்து இங்கே வந்தவள். குளத்துக் களிமண்ணில் வனையும் பானையும் சட்டியும் எல்லா ஊரிலும் உண்டு. அரசாங்கம் இவரை அனுப்பியது அதற்காக அல்ல. பானைமேல் கண்ணாடிபோல ஒரு பூச்சு உருக்கி, ஊறுகாய்ச் சாடியும் கோப்பையும் செய்யப் பழக்குவதற்காக. அந்தப் பூச்சுக்கான தூள்கள் கப்பலில் வந்துகொண்டிருந்தன. வெளிநாட்டுச் சாமான்களைக் குறைத்த காலத்தில் அவையும் நின்றுபோயின. கிடைப்பதைக் கொண்டு செய்யுங்கள் என்று மேலிடத்திலிருந்து ஒரு வரி வந்தது.

கிடைத்தது உடைந்த போத்தல். முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து ஒரு முஸ்லிம் வியாபாரி, நானா என்று கூப்பிடுவோம், கரத்தை வண்டிலோடு மாதம் ஒருமுறை வருவார். பழைய இரும்பு, போத்தல், எலும்பு எல்லாம் வாங்குகிறவர். அவரிடமிருந்து வெள்ளைப் போத்தலாகப் பொறுக்கி எடுப்போம். அவற்றை நெருப்பில் நன்றாகக் காயவிட்டு வாளித் தண்ணீருக்குள் போட்டால் கற்கண்டுபோல நொருங்கும். கல்லுரலில் இடித்து, என்னுடைய பழைய வோயில் சேலையால் அரிப்போம். அதோடு நகை வேலைக்காரர் பாவிக்கும் வெண்காரம் கொஞ்சம், நைசான களி கொஞ்சம். சோற்றுக் கஞ்சியில் கரைத்தால் பானையில் ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை சுட்ட பானையை அதில் தோய்த்து மறுபடியும் சூளையில் வைப்பார்.

பூச்சு உருகியது. மினுங்கியது. ஆனால் அதற்குள்ளால் களியின் சிவப்பு அப்படியே தெரிந்தது. சனம் வாங்கிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போனார்கள். "நனைஞ்ச பானை மாதிரிக் கிடக்கு" என்று ஒருத்தர் சொன்னார். எல்லாருக்கும் வேண்டியது கடையில் விற்கிற பீங்கானின் வெள்ளை.

அந்த வெள்ளையை இவர் எலும்பிலிருந்து எடுத்தார்.

எலும்பைச் சுட்டு இடித்துக் கண்ணாடித் தூளோடு சேர்த்தால் பால் நிறம் வரும் என்று தெற்கில் படித்த இடத்தில் யாரோ சொல்லியிருந்தார்களாம். நானா எலும்பை வயலுக்குப் போடும் பசளைக்கு அனுப்புகிறவர். இவர் ஒரு சாக்குக் கேட்டபோது அவர் தலையைச் சொறிந்தார்.

"மாஸ்டர், ஆணம் காய்ச்சவோ?"

"சட்டிக்கு நிறம் எடுக்க."

"எடுங்க, எடுங்க. பண்டி எலும்பு ஒண்டும் இல்ல, அதுக்கு நான் பொறுப்பு. பொறகு ஒங்கட சட்டி எங்கட ஊட்டுக்கும் வரோணுமே" என்று சொல்லி என்னைப் பார்த்தார். "தங்கச்சி, மூக்கைப் பொத்திக்கொள்ளுங்க."

பயிற்சிக்கு வருகிற பெடியள் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில், எங்கள் வளவின் பின்பக்கத்தில் இவர் எலும்பைச் சுட்டார். நாற்றத்தை மறைக்க முடியுமா? வேலிக்கு அப்பாலிருந்து என்ன எரிகிறது என்று கேட்டார்கள். "மான்கொம்பு. மருந்துக்கு" என்றார் இவர். நான் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் முட்டைகூட ஏறாது. சுட்டு முடிந்ததும் அது திருநீறுபோல வெள்ளைவெளேரென்று இருந்தது. அதைப் பார்க்க இன்னும் மோசமாக இருந்தது.

ஆனால் சாடிகள் வந்தபோது நானும் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பால் ஆடை படிந்த மாதிரி ஒரு வெள்ளை. சனம் வாங்கத் தொடங்கியது. எதனால் வெள்ளை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லுவோம் என்று இவர் சொன்னார். கேட்டுவிடுவார்களோ என்று நான் பயந்தேன். பிறகு ஏன் ஒருவரும் கேட்கிறார்கள் இல்லை என்றும் பயந்தேன்.

குளக்கட்டு அம்மன் கோயில் மனேச்சரின் மனைவி எங்களுக்கு அடுத்த வாய்க்கால் குடியிருப்பில் இருந்தார். எனக்குச் சொந்தமில்லை. என்றாலும் மாமி என்றுதான் கூப்பிடுவேன். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு பத்தியச் சரக்கு அரைத்துக் கொடுத்தவர், குளிப்பாட்டியவர். தைப்பொங்கலுக்கு அவருக்கு ஒரு ஊறுகாய்ச் சாடி கொடுத்தோம். அதைத் தன் குசினியில் அடுப்புக்கு மேல் தட்டில் முன்னுக்கு வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார்.

பங்குனியில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. எட்டு மாதம் அவளுக்கு. ஆஸ்பத்திரியில் வைத்திருந்தும் காய்ச்சல் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. ஒரு மத்தியானம் அவள் பால் குடிக்காமல் கண்ணை மேலே சொருகினாள். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, அம்மாளாச்சி, இவளைத் தா, வைகாசிப் பொங்கலுக்குப் பாற்குடம் எடுக்கிறேன் என்று நேர்ந்தேன். பின்னேரம் காய்ச்சல் விட்டது. மருந்தால் விட்டதா, அம்மனால் விட்டதா என்று நான் ஆராயவில்லை. அதை மட்டும்தான் நான் ஆராயாமல் விட்டேன்.

வீட்டுக்கு வந்து ஒரு கிழமை போகவில்லை, மாமி படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

"இஞ்ச பார் பிள்ளை, வைகாசிப் பொங்கலுக்கு இந்த முறை இருபத்தொரு பெண்டுகள் பாற்குடம் எடுக்கினம். போன வருசம் ஒருத்தி வாளியோட வந்தவள். ஒருத்தி தகரப் பேணி. அம்மாளாச்சி என்ன தேத்தண்ணிக் கடையோ வைச்சிருக்கிறா? எல்லாருக்கும் ஒரே மாதிரிக் குடம் வேணும். என்ர சாடி நிறத்தில, பால் மாதிரி. உன்ர மனிசனிட்டச் சொல்லு."

இவருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. நான் சரி மாமி என்று சொன்னேன். சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய் நின்றேன். அந்தக் குடங்களில் ஒன்று என்னுடையது. என் பிள்ளைக்காக நேர்ந்த பாலை மாட்டெலும்பு பூசிய குடத்தில் அம்மனுக்குக் கொண்டுபோகப் போகிறேன். தெரியாதவர்களுக்குக் குற்றமில்லாமல் இருக்கலாம். எனக்குத் தெரியும்.

இவரிடம் சொன்னேன்.

"அது இப்ப எலும்பில்லை. சுட்டால் அது ஒரு தூள். உமக்குப் பள்ளிக்கூடத்தில இரசாயனம் படிப்பிக்கேல்லையோ?"

"படிப்பிச்சவை. அதாலதான் எனக்குத் தெரியும், தூள் எங்கயிருந்து வந்ததெண்டு."

"கோயில்ல ஊதுற சங்கு என்ன? மரத்தில காய்க்கிறதோ? வெத்திலைக்குப் பூசுற சுண்ணாம்பு? அதுவும் சிப்பிதானே."

இரண்டு நாள் அதையே நினைத்தேன். சங்கு சரியென்றால் எலும்பு ஏன் சரியில்லை? சாமியார்மார் மான்தோலில் இருக்கிறார்கள். நாங்கள் கத்தரிக்குப் போடுகிற பசளையிலும் எலும்பு உண்டு. அந்தக் கத்தரிக்காயை விரதத்துக்குச் சமைக்கிறோம். எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. நியாயம் கூடக்கூட எனக்கு நித்திரை குறைந்தது. பிள்ளை ஒருமுறை இருமினால் நெற்றியைத் தொடுவேன். தும்மினாலும் தொடுவேன். மூன்றாவது நாள் அவளுக்கு உடம்பு கொஞ்சம் சுட்டது. பல்லு முளைக்கிற சூடு என்று மாமியே சொன்னார். ஆனால் நான் முடிவு எடுத்துவிட்டேன்.

"எலும்பில்லாமல் வெள்ளை வராதோ?" என்று கேட்டேன்.

"உமிச்சாம்பல் கூடப் போட்டால் மங்கலாய் ஒரு வெள்ளை வருமெண்டு சொல்லுவினம். நான் செய்து பார்க்கேல்லை. பொங்கலுக்கு நாளுமில்லை."

"நான் செய்யிறன்."

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். பிறகு, "சரி. சூளையில பாதி உமக்கு. பாதியில நான் எலும்புப் பூச்சு வைப்பன். உம்முடையது பிழைச்சால் கோயிலுக்கு என்ன குடுக்கிறது?" என்றார். அதுவும் நியாயம்தான்.

அரிசி மில்லுக்குப் பின்னால் உமிச்சாம்பல் மலைபோலக் குவிந்திருந்தது. ஆனால் அது கறுப்பு. முழுதாக எரியாத சாம்பல். அதைத் தகரத்தில் பரப்பி, அடியில் விறகு வைத்து, கரி முழுவதும் போகும்வரை திரும்பச் சுட வேண்டும். வேப்ப மரத்தில் ஏணையைக் கட்டிவிட்டு வேலை தொடங்கினேன். காற்று மாறும். புகை ஏணைப் பக்கம் போகும். ஓடிப்போய் ஏணையை அவிழ்த்து மற்றப் பக்கம் நின்ற பாலை மரத்தில் கட்டுவேன். காற்று திரும்பும். மறுபடியும் வேம்பு. சாம்பலைக் கிளற நேரமில்லாமல் ஏணையைத் தூக்கிக்கொண்டு வளவைச் சுற்றினேன். மூட்டம் மூட்டமாகப் புகைந்து, அடுத்த நாள்தான் அது வெள்ளையானது.

அரிதட்டில் போட்டு அரித்தபோது மேலே ஏதோ தங்கியது. சிறிய குச்சிபோல. விரலால் எடுத்துப் பார்த்தேன். கோழி எலும்பு. மில்லில் வேலை செய்கிறவர்கள் யாரோ சாப்பிட்டு எறிந்தது.

எலும்பு வேண்டாம் என்று பட்ட பாட்டுக்கு எலும்பே முன்னால் வந்து நின்றது. அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. எடுத்து எறிந்துவிட்டு மிச்சத்தைப் பாவிக்கலாம். ஒரு துண்டு கண்ணில் பட்டது, படாதது எத்தனை? எல்லாவற்றையும் வேலியோரம் கொட்டினேன். மில்காரரிடம் போய், எரிக்காத புது உமி இரண்டு சாக்குக் கேட்டு வாங்கி, முதலிலிருந்து தொடங்கினேன். இவர் தகரத்தைக் கழுவித் தந்தார்.

சூளை திறந்த காலை, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் நின்றேன். கிட்டப் போக விடவில்லை இவர். ஒவ்வொன்றாக எடுத்து நிலத்தில் வைத்தார். எலும்புப் பூச்சுக் குடங்கள் வெயிலில் கண் கூசின. என்னுடையவை கஞ்சி நிறம். வெள்ளை என்று சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். நாலைந்தில் பூச்சு சுருண்டு, காசளவு காசளவாகச் சிவப்பு மண் தெரிந்தது. தடவினால் சொரசொரத்தது.

"முதல் தரத்துக்கு மோசமில்லை" என்றார் இவர். அவர் மெய்யாகத்தான் சொன்னார் என்று இப்போது தெரிகிறது. அப்போது என்னைத் தேற்றச் சொல்கிறார் என்று நினைத்துக் கோபப்பட்டேன்.

"மாமி வந்தால் ஆர் சொல்லுறது?" என்று கேட்டேன்.

"நான் சொல்ல மாட்டன். நீர் சொன்னால் மறிக்கவும் மாட்டன்."

அதைவிட அவர் என்னைத் திட்டிப் பேசியிருக்கலாம். மறித்திருந்தால் மறித்தார் என்று இருந்திருப்பேன். அவர் இந்த ஊரில் நாலு வருசமாக எடுத்த பெயரை என் வாயில் வைத்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

அன்று பின்னேரம் மாமி வந்தார். இரண்டு வரிசையையும் சுற்றி நடந்து பார்த்தார்.

"இது என்ன, ஒரு பக்கம் பால், ஒரு பக்கம் கஞ்சி?"

"ரெண்டும் குடந்தான் மாமி."

"எனக்குக் கண் தெரியும் பிள்ளை. வெள்ளையை வைக்கோல் போட்டுக் கட்டு. நாளைக்கு வண்டில் வரும்."

அவர் ஒரு வெள்ளைக் குடத்தைத் தூக்கி இடுப்பு ஒக்கலையில் வைத்துப் பார்த்தார். நான் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டேன்.

"மாமி, அந்த வெள்ளையில எலும்பு இருக்கு."

அவர் குடத்துக்குள் எட்டிப் பார்த்தார். "ஒண்டுமில்லையே."

"உள்ளுக்கில்லை. பூச்சில. எலும்பைச் சுட்டு இடிச்ச தூள். அதாலதான் வெள்ளை."

"என்ன எலும்பு?"

"மாட்டெலும்பு."

குடத்தை மெதுவாகக் கீழே வைத்தார். கையைச் சேலையில் துடைத்தார். துடைத்த இடத்தைப் பார்த்துவிட்டுத் தலைப்பை உதறினார்.

"என்ர சாடி?"

"அதிலயும் மாமி."

"தை மாசத்திலயிருந்து வெள்ளிக்கிழமை விரதத்துக்கு அதுக்குள்ளயிருந்துதானேடி தேசிக்காய் ஊறுகாய் எடுத்தனான்!"

இவர் வாசலில் நின்றபடி, "மாமி, சுட்டாப் பிறகு அது எலும்பில்லை" என்று தொடங்கினார்.

"தம்பி, நீங்கள் பேசாமல் நில்லுங்கோ. சுடலையில சுட்டாப் பிறகும் அது எங்கட ஆக்கள்தான். அள்ளிக்கொண்டு போய்க் கடலிலதானே கரைக்கிறம். குப்பையிலயா கொட்டுறம்?"

சங்குக்கும் சுண்ணாம்புக்கும் எனக்குக் கிடைக்காத பதில் அது. சரியான பதிலா என்று இன்றுவரை தெரியவில்லை.

மாமி என் பக்கம் திரும்பினார். "நீ இதை எனக்கு ஏன் சொன்னனீ? சொல்லாமல் விட்டிருந்தால் எனக்கு ஒரு பாவமும் இல்லை. எல்லாம் உங்கள் ரெண்டு பேரோட போயிருக்கும். இப்ப பாதியைத் தூக்கி என்ர தலையில வைச்சிட்டாய்."

"எனக்கும் ஒரு குடம் மாமி. பிள்ளைக்கு நேர்ந்தது."

அவர் பிள்ளையைப் பார்த்தார். அவள் அவரிடம் போகக் கையை நீட்டினாள். எடுக்கவில்லை. கஞ்சி நிறக் குடம் ஒன்றைக் காலால் மெல்லத் தட்டிக் காட்டினார்.

"இதில என்ன?"

"உமிச்சாம்பல். வெண்காரம். களி. போத்தல் இடிச்ச தூள்."

"போத்தல் எண்டா? சாராயப் போத்தலோ?"

"மருந்துப் போத்தல் மாமி. கூடுதலா மருந்துப் போத்தல்தான்."

"கூடுதலா எண்டா?"

நான் வாயைத் திறந்தேன். மாமி கையைத் தூக்கினார். "காணும்! இனி ஒரு சொல்லுச் சொல்லாதை. இதுக்கு மேல எனக்கு ஒண்டும் தெரிய வேண்டாம். கஞ்சியைக் கட்டு."

போய்விட்டார். அவர் ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார், ஒருத்தரும் இனிச் சாடி வாங்க மாட்டார்கள், நிலையத்தை மூடிவிடுவார்கள் என்று நான் இவரை அரித்தெடுத்தேன். "சொன்னது நீர்தானே" என்று மட்டும் சொன்னார். அதிலே குத்தல் இருந்ததா என்று அடுத்த நாள் முழுக்க யோசித்தேன். கூட்டுறவுச் சங்கக் கடையில் ஒரு பெண் என்னிடம், "வெள்ளைக் குடமெல்லாம் சூளையில வெடிச்சுப் போச்சாமே, மனேச்சர் வீட்டில சொல்லிச்சினம். பாவம் உங்கட மாஸ்டர்" என்றாள். ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ஊறுகாய்ச் சாடி திரும்பி வரவில்லை. அதை என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. வெள்ளைக் குடங்களை நானா பார்த்துவிட்டு முழுவதையும் கரத்தையில் ஏற்றினார்.

பொங்கலன்று விடியக் குளித்து, ஈரச் சேலையோடு குளக்கட்டில் வரிசையாக நின்றோம். பறைமேளம் தொடங்கியது. குடத்தில் கழுத்துவரை பால் விட்டு, குடத்தின் வாயில் வேப்பிலை வைத்துக் கட்டித் தலையில் ஏற்றினார்கள். மாமி எனக்கு இரண்டு பேர் முன்னால். என்னோடு அவர் ஒரு கிழமையாகக் கதைக்கவில்லை.

பாதித் தூரம் போகவில்லை, என் காதடியில் ஈரம் தெரிந்தது. வியர்வை என்று நினைத்தேன். உதட்டில் பட்டபோது இனித்தது. பூச்சு விட்டுப்போன இடத்தால் பால் கசிந்துகொண்டிருந்தது. சுருண்ட குடங்களில் ஒன்றை நானே பார்த்துத்தான் எனக்கு எடுத்திருந்தேன். பழுதானது மற்றவர்களுக்குப் போகக்கூடாது என்று. இப்போது அது பெரிய பிழையாகத் தெரிந்தது. கோயில் போய்ச் சேர முன்னர் எவ்வளவு போகும்? குறைந்த பால் நேர்த்திக்குக் காணுமா? வேகமாக நடந்தால் தளும்பும். மெதுவாக நடந்தால் கசியும். கையை வழுக்கும் இடத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நடந்தேன். மனதில் அம்மன் பெயர் வரவில்லை. கசிவு, கசிவு என்றுதான் வந்தது.

மாமி திரும்பிப் பார்த்தார். என் கன்னத்தில் வழிகிற பாலைப் பார்த்தார்.

"சாய்ச்சுப் பிடி. ஓட்டை மேல வாற மாதிரி" என்றார். அவ்வளவுதான். திரும்பி நடந்தார்.

சாய்த்துப் பிடித்தேன். கழுத்து நொந்தது. ஐயர் என் குடத்தை வாங்கியபோது விரல் சொரசொரப்பில் பட்டு ஒருமுறை குனிந்து பார்த்தார். பிறகு ஊற்றினார். முக்கால்வாசி இருந்தது. அம்மன் மேல் விழுந்து வழிந்து மற்றவர்களின் பாலோடு சேர்ந்துபோனது. அதற்குப் பிறகு எது என்னுடையது என்று பார்க்க முடியவில்லை.

வெளியே ஆலமரத்தடியில் இவர் பிள்ளையோடு நின்றார். சனத்தையும் மேளத்தையும் பார்த்து அவள் வாயைப் பிளந்துகொண்டிருந்தாள். இரண்டு புதுப் பல்லும் தெரிந்தன. கையிலிருந்த பால் காய்ந்து பிசுபிசுத்தது. அதைச் சேலையில் துடைத்துவிட்டு அவள் நெற்றியைத் தொட்டேன். குளிர்ந்திருந்தது. என் கை ஈரத்தால் அப்படித் தெரிகிறதோ என்று நினைத்து, புறங்கையால் இன்னொருமுறை தொட்டுப் பார்த்தேன்.